மங்களம் பாடாமல் நின்ற நாடகம்

சென்ற மாதம் ஒரு நாளிதழில் எங்கள் ஊர் நாடகக் கொட்டகையைப் பற்றி நாலு வரிச் செய்தியும் ஒரு படமும் வந்தன. ஜவ்வாது மலையில் அழிந்துபோயிருந்த நாடகத்துக்கு அதிகாரிகளின் முயற்சியால் உயிர் வந்திருக்கிறதாம். புதிய நாடகம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை அரங்கேறியதாம். படத்தில் சால்வையோடு நிற்பவர்களில் ஒருவர்கூட நாடகம் நடந்தபோது அங்கே இல்லை.

அது ஞாயிறு அல்ல, சனி. நாடகம் புதியதல்ல, பழையது. பழையதிலும் பின்பாதி மட்டும். அது அழிந்துபோகவும் இல்லை, அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டி வைத்ததற்கும் அழிந்துபோனதற்கும் வேறுபாடு தெரியாதவர் ஒருவர் இந்தச் செய்தியை எழுதியிருக்கிறார். நான் மறுப்பு எழுதி அனுப்பினேன். வெளியிடவில்லை. அதனால் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் மலைமேல் கிளை அஞ்சலகம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிறந்தது சந்தவாசல் பக்கம். வேலைக்காக மேலே வந்து இங்கேயே தங்கிவிட்டேன். தினமும் காலையில் முத்திரையில் தேதி மாற்றிப் பழகியவனுக்குத் தவறான தேதியைப் படித்தால் சோறு இறங்காது. நாடகத்தில் எனக்கு ஒரே வேலைதான். படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்துபோன வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுப்பேன். ஆகவே நடந்ததையெல்லாம் இரண்டு முழ தூரத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எங்கள் கொட்டகை முழுவதுமே மேடைதான். கருங்கல் தளம், மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்புறம் அகலமான மடக்குக் கதவு. கதவைத் திறந்தால் நாடகம். பார்ப்பவர்கள் வெளியே புளியமரத்தடியில் உட்காருவார்கள். கீழ்நாட்டில் நாடகம் என்றால் இரவு, எங்களுக்குப் பகல். பங்குனியில் பலாவாசனைக்குக் கரடி இறங்கும். வெயில் சாயத் தொடங்கும்போது ஆரம்பித்து, இருட்டுவதற்குள் மங்களம் பாடி முடித்து, அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மங்களத்தைப் பற்றி இன்னொரு வழக்கமும் உண்டு. அதைப் பாடும்வரை வேஷம் கலையாது. ராஜா வேஷக்காரர் பக்கத்தில் நின்று பீடி குடித்தாலும் அவரை ராஜா என்றுதான் கூப்பிட வேண்டும். மங்களம் பாடி, முகம் கழுவிய பிறகுதான் மாமாவும் அக்காவும் மச்சானும் திரும்பி வருவார்கள். இதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. ஆனால் மீறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இருபது பங்குனியில் நாங்கள் போட்ட நாடகம் எங்கள் ஆட்களே கூடிப் பேசி அமைத்தது. கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த ஒரு வீட்டு மாப்பிள்ளை, மாமனார் வீட்டுப் புளியைக் குத்தகைக்கு எடுக்கிறான். ஓட்டோடு உலுக்கிக் கட்டிய மூட்டைகளை எண்ணி வைக்கிறான். வீட்டு மருமகள் அதை ஓடுடைத்து, கொட்டை எடுத்து, காயவைத்துத் திரும்பக் கட்டுகிறாள். மூட்டை பாதியாகிவிடுகிறது. திருட்டு என்று மாப்பிள்ளை ஊரைக் கூட்டுகிறான். ஓடும் கொட்டையும் ஈரமும் போனால் புளி இளைக்கும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல் காட்சியிலிருந்தே சனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவன் மாப்பிள்ளை ஒருவன்தான்.

மாப்பிள்ளையாக நடித்தவர் எங்கள் மலைப் பேருந்தின் நடத்துநர். கண்ணமங்கலத்துக்காரர், அந்த வேஷத்துக்குப் பேச்சைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நாட்டாண்மையாக நடித்தவர் சாமை விவசாயி. எங்கள் நாடக மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். மருமகளாக நடித்தவர் எங்கள் மகளிர் குழுவின் புளியைப் போளூர் மண்டிக்குக் கொண்டுபோய் விற்றுவருபவர். இந்தக் கதை அவரைப் பற்றியது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, நோய் பரவுகிறதென்று நாடு முழுவதும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் கிழமை எனக்கு மறக்காது. ஊர்க்கூட்டக் காட்சி. நாட்டாண்மை எழுந்து கையை உயர்த்தி, "சபைக்கு முன்னால கேக்கறேன், சொல்லு. புளியை எடுத்தது யாரு?" என்றார். மருமகள் தலையை நிமிர்த்தி, பதில் சொல்ல மூச்சை இழுத்தார். அப்போது ஜீப் வந்து நின்றது.

இறங்கிய காவலர் எல்லாரையும் கலையச் சொன்னார். நாட்டாண்மை வேஷம் கலையாமலே கைகூப்பி, "தீர்ப்பு சொல்லிட்டுப் போய்டறோங்க" என்றார்.

"இன்னா தீர்ப்பு?"

"புளித் திருட்டுங்க."

"திருட்டா? ஸ்டேஷனுக்கு ஏன் சொல்லல?"

மரத்தடியே சிரித்தது. காவலரும் நாடகம் என்று புரிந்து சிரித்துவிட்டார். ஆனால் கலைத்துவிட்டார். மங்களம் பாடவில்லை. சொல்ல வந்த பதிலோடு அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கினார்.

அன்று மூடியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோய் பொய்யல்ல, கீழே போளூரில் எனக்குத் தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

கொட்டகை சும்மாதானே கிடக்கிறது என்று ரேஷன் அரிசி மூட்டைகளை அதில் அடுக்கினார்கள். தற்காலிகமாக என்றார்கள். நானும் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லைப் போல நீண்ட ஆயுள் உள்ள இன்னொரு சொல்லைக் கண்டதில்லை. மதுக்கடை திறந்தது. கல்யாண மண்டபங்கள் திறந்தன. கீழே சினிமாக் கொட்டகைகள் திறந்தன. கோடை விழாவுக்குப் பந்தல் போட்டு, வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்துவந்து ஆடவிட்டார்கள். எங்கள் கதவு மட்டும் திறக்கவில்லை. மன்றத் தலைவரும் நானும் கேட்கப் போனபோதெல்லாம் "மேல சொல்லியிருக்கோம்" என்ற பதில்தான். மலை உச்சியில் வாழ்கிற எங்களுக்கும் மேலே யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

இதற்கிடையில் பேருந்து ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண் முதல்முறை மூட்டையோடு ஏறியபோது நடத்துநர் கையைத் தட்டி, "புளி திருடி ஏறியாச்சா? போலாம் ரைட்" என்றார்.

"டேய், அக்கான்னு கூப்பிட வாய் வராதா?"

"மங்களம் பாடலியே, நான் இன்னா பண்றது? இன்னும் நான் மாப்பிள்ள, நீங்க திருடி."

"நாட்டாண்ம தீர்ப்பு வரட்டும். அப்பறம் உனக்கு இருக்குது."

பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். எங்கள் வழக்கத்தை வைத்துச் செய்த கேலி; மலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். அடுத்த அறுவடையிலும் அதே கேலி. அதற்கடுத்ததிலும். சந்தவாசலில் ஏறுபவர்களும் போளூரில் இறங்குபவர்களும் அதைக் கேட்டார்கள். மலையில் விளையாட்டாகக் கிளம்பிய சொல், கீழே போய்ச் சேரும்போது தகவலாகிவிட்டது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். வங்கி வேலையாகப் போளூர் போயிருந்தவன், திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்ததால் மண்டிக்குள் நுழைந்தேன். எங்கள் குழுவின் மூட்டைகள் இறங்கியிருந்தன. பக்கத்தில் வேறு ஊர்க்காரர்களின் மூட்டைகளும் இருந்தன. மண்டிக்காரர் தன் ஆளைப் பார்த்து, "அந்தம்மா மூட்டைய மட்டும் கொட்டிப் பாரு" என்றார்.

"இன்னாங்க இது? இல்லாத பழக்கம்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. கல்லுகில்லு இருக்குதான்னு ஒரு பார்வை."

"மத்தவங்களுதக் கொட்டலியே?"

"மத்தவங்களப் பத்தி ஒண்ணும் கேள்விப்படலியே."

நான் குறுக்கே போய், அது நாடகத்து வேஷம், கேலிக்குச் சொல்வது என்றேன். மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாடகத்துல சொன்னத நாடகத்தோட வுட வேண்டியதுதான சார்? பஸ்ல இன்னாத்துக்கு சொல்றாங்க?" என்றார். மங்களத்தைப் பற்றி அந்த இடத்தில் எப்படி விளக்குவது? தரையில் கொட்டிய புளியை, கல்லும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் சுத்தமாக இருந்த புளியை, அந்தப் பெண் குனிந்து இரண்டு கையாலும் வாரித் திரும்ப மூட்டையில் போட்டார். யாரும் உதவவில்லை. நான் குனிந்தபோது, "வுடுங்கண்ணா" என்றார்.

மலைக்காரர் என்றாலே மூட்டையை ஒருமுறை சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் கீழே உண்டு. பேருந்து நிலையத்தில் மலை இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் எங்கே, எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கையில் நாங்களே ஒரு பெயரை எழுதிக் கொடுத்தது போலாயிற்று. கேலி செய்தவர் மேலும் அதற்குச் சிரித்தவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் கதவு திறந்திருந்தால் ஒரே மாலையில் முடிந்துபோயிருக்க வேண்டிய கேலி அது.

செய்தி மலைக்கு வந்தது. குழுக் கூட்டத்தில் பேசினார்கள். அவர் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், மண்டிக்காரருக்குத்தானே தெரியாது, கொஞ்ச நாளைக்கு வேறு ஒருத்தி போகட்டும் என்று முடிவு செய்தார்கள். மறுபடியும் தற்காலிகம். பல அறுவடைகளாக அந்தக் குழுவின் புளிக்குப் பேரம் பேசிய வாய் அந்தப் பெண்ணுடையது. அவர் எழுந்து போனாராம்.

அந்த நேரத்தில்தான் ஓர் அதிகாரி எங்களைத் தேடிவந்தார். மன்றத்தை மீட்டெடுக்கப் போவதாகச் சொன்னார். கோடை விழாவில் ஒரு மணி நேரம், சுகாதாரம் பற்றி ஒரு நாடகம். உடை, ஒலிபெருக்கி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொட்டகைச் சாவி பற்றிப் பிறகு பார்க்கலாம். மன்றத் தலைவர் வீட்டு வாசலில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் பாதிப்பேருக்குச் சம்மதம். ஆடாமல் கிடந்த கால்கள். எந்த மேடை என்றாலும் ஏறத் தயாராக இருந்தார்கள்.

அந்தப் பெண் வந்து தூணோரம் நின்றார். "புது நாடகம் போடுங்க. வேணான்னு சொல்லல. மொதல்ல என் வேஷத்தக் கழட்டி வுட்டுட்டுப் போடுங்க" என்றார்.

தலைவர் சங்கடத்தோடு, "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கததானம்மா. நீ எடுக்கலன்னு இங்க யாருக்குத் தெரியாது?" என்றார்.

"மலைக்குத் தெரியும் மாமா. பஸ்ஸு மலையோட நிக்குதா? கீழதான போவுது."

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "ஏம்மா, பாதியிலருந்து ஒரு நாடகத்த யாரும்மா வந்து பாப்பாங்க?"

"பாதியில நிறுத்துனது யாருங்க சார்?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஜீப் கிளம்பியதும் தலைவர் பாயிலிருந்து எழுந்தார். வீட்டுக்குள் பார்த்து, "அந்தப் புது வூட்டுச் சாவி எங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

அரசுத் திட்டத்தில் அவருக்குக் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு அது. வெயிலில் உள்ளே இருக்க முடியாது என்று அதில் புளியும் சாமையும் போட்டுவைத்திருந்தார். அதைக் காலி செய்து ரேஷன் அரிசிக்கு விடுவது என்று முடிவாயிற்று. கொட்டகைச் சாவி வைத்திருந்த ரேஷன் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "எழுத்துல ஏதாவது வேணுமேம்மா" என்று இழுத்தார். மகளிர் குழுவில் மூத்தவர் ஒருவர், "எழுத்து பின்னால வரட்டும், அரிசி முன்னால போவட்டும்" என்று சொல்லி மூட்டைக்குத் தோள் கொடுத்தார். அந்தப் பெண்ணை மண்டிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்த அதே பெண்கள்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கொட்டகையைக் காலி செய்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தோம். அரிசிக்கு வந்த எலிகள் படுதாவையும் தின்றிருந்தன. தகரத்தில் வானம் தெரிந்தது. மேடைச் சுவரில் நாங்கள் தீட்டிய ஊர்க்கூட்டத்து ஆலமரம் மூட்டை உராய்ந்து பட்டுப்போயிருந்தது. இதற்குப் பொறுப்பென்று யாரும் வரவில்லை. வருவார்கள் என்று காத்திருக்கவும் இல்லை. வீட்டுக்கு ஒரு சேலை வாங்கிப் பெண்கள் படுதா தைத்தார்கள். சந்தவாசலில் மைக் செட் வைத்திருப்பவர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடத்துநர் கண்ணமங்கலத்தில் வீடு வீடாகக் கேட்டுப் பழைய தகரங்களைச் சேர்த்து, பேருந்து மேல் ஏற்றிக் கொண்டுவந்தார். இறக்கிவைத்துவிட்டு, "அக்கா, என்னால வந்த வெனை" என்றார்.

"வேஷத்துல இருக்கும்போது மன்னிப்புக் கேக்காத. செல்லாது" என்றார் அந்தப் பெண். பிறகு, "மண்டிக்காரரு வரணும். அவரு வரலன்னா நான் மேடை ஏற மாட்டேன்" என்றார்.

"நான்தான அவரு காதுல ஏத்துனேன். நானே பஸ்ல ஏத்திக்கினு வர்றேன்."

எங்கிருந்து தொடங்குவது என்று ஒத்திகையில் ஒரு வாக்குவாதம் வந்தது. முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வாக்கியத்தில் நின்றதோ அந்த வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும் என்றேன். பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கினாலும் கடைசியில் அதுதான் நடந்தது.

பங்குனி கடைசிச் சனிக்கிழமை கதவு திறந்தது. மரத்தடியில் இடம் போதாமல் பாறைமேலும் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மண்டிக்காரரை நடத்துநர் முன்வரிசையில், தலைவர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். பிரார்த்தனைப் பாட்டு இல்லை, வரவேற்பு இல்லை. சேலைப் படுதா விலகியது. எல்லாரும் அன்று நின்ற இடங்களில் நின்றார்கள். நாட்டாண்மைக்கு இதற்குள் முன்பல் இரண்டு போயிருந்தது. கையை உயர்த்தி, கொஞ்சம் காற்று கலந்த குரலில், "சபைக்கு முன்னால கேக்கறேன், சொல்லு. புளியை எடுத்தது யாரு?" என்றார்.

அந்தப் பெண் உடனே பேசவில்லை. மறந்துவிட்டாரோ என்று பயந்து நான் வசனத்தை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். படுதாவின் பக்கம் லேசாகக் கை காட்டி என்னை அடக்கினார்.

"ஓடெல்லாத்தயும் அடுப்பு தின்னுச்சு. கொட்டைய நீங்க எல்லாரும் வறுத்துத் தின்னீங்க. ஈரத்த வெயிலு குடிச்சுது. அவங்க எல்லாரையும் இழுத்தாந்து இங்க நிறுத்துங்க. கடைசி ஆளா நான் வந்து நிக்கறேன்."

சிரிப்பு பாறைவரை போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையைச் சபை நடுவில் உட்காரவைத்து, கூடை நிறையப் புளியைக் கொடுத்து ஓடுடைக்கச் சொல்கிற தண்டனைக் காட்சி. கடைசியில் தீர்ப்பு. எல்லாரும் வரிசையாக நின்று மங்களம் பாடினார்கள். பாடி முடித்ததும் அந்தப் பெண் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

மண்டிக்காரர் அங்கே வந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லா இருந்துச்சும்மா. ஆனா புளி காஞ்சா இளைக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததே மண்டியில."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தெரிஞ்சுமா கொட்டுனீங்க?"

மண்டிக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. தெரிந்தே கொட்டினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியாமல் செய்தால் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்து செய்தவரிடம் நாடகம் போட்டு என்ன ஆகிறது?

அதிகாரிகளின் ஜீப் அப்போதுதான் வந்தது. சால்வைகளும் புகைப்படக்காரரும் வந்தார்கள். கதாநாயகி எங்கே, இன்னொரு முறை பவுடர் பூசிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார்கள். "மங்களம் பாடியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வீட்டைப் பார்த்து நடந்தார். செய்தித்தாள் படத்தில் அவர் இல்லாததற்குக் காரணம் அதுதான். அந்தத் தேதிப் பிழையையும் திருத்திவிடுகிறேன்: மறுநாள் ஞாயிறு கொட்டகையில் நடந்தது கூட்டிப் பெருக்கும் வேலை மட்டுமே.

திங்கட்கிழமை குழுவின் மூட்டைகளோடு அந்தப் பெண்ணையே அனுப்பினார்கள். நானும் அதே பேருந்தில் போனேன். போளூரில் எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் படியில் கால் வைத்ததும் நடத்துநர் பழக்கத்தில், "புளி..." என்று ஆரம்பித்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "...மூட்டைய பின்னால வெச்சிக்கலாங்கக்கா" என்று முடித்தார். நான்கைந்து பேர் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

மண்டியில் ஆள் மூட்டைத் தையலைப் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு நெருங்கினான். மண்டிக்காரர் அவசரமாக, "அந்தம்மாளுது வேணாம், அப்படியே தூக்கி வை" என்றார். பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக அவருக்கு ஒரு நினைப்பு. அது முகத்தில் தெரிந்தது.

அந்தப் பெண் மூட்டைமேல் கையை வைத்து நிறுத்தினார். "என்னுத வுட்டுட்டு மத்தவங்களுதக் கொட்டுவீங்களா?"

"உனக்கோசரம்தாம்மா சொல்றேன்."

"எனக்கோசரம் வேணாங்க. கொட்டறதுன்னா எல்லாருதும் கொட்டுங்க, என்னுதும் கொட்டுங்க. இல்லன்னா யாருதும் வேணாம்."

வரிசையில் நின்ற வேறு ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் ஊசியைக் கீழே வைக்கச் சொல்லி ஆளுக்குக் கை காட்டினார். மூட்டைகள் வந்த வரிசையிலேயே, திறக்காமல், ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின.